சிம் உள்ள செட்டும் சிம் இல்லாத செட்டும்: ஜி.எஸ்.எம்., சி.டி.எம்.ஏ. ஓர் ஒப்பீடு

கோவில்பட்டியில் எங்கள் வத்தல், பருப்பு கமிஷன் கடைக்கு 2004-ஆம் ஆண்டு இரண்டு கைபேசிகள் வாங்கினோம். ஜி.எஸ்.எம்., சி.டி.எம்.ஏ. என்பவை அப்போது நம் நாட்டில் இருந்த இரு வேறு கைபேசிச் சேவை முறைகள். எனக்கு, சிம் அட்டை போட்டுப் பேசும் ஜி.எஸ்.எம். இணைப்புடன் ஒரு நோக்கியா 1100. ஊர் ஊராகப் போய்ச் சரக்குப் பார்த்து வரும் என் தம்பிக்கு, நிறுவனமே செட்டையும் எண்ணையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்த ஒரு சி.டி.எம்.ஏ. கைபேசி. ஒரே தொழிலுக்கு ஏழு ஆண்டுகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் ஜி.எஸ்.எம். பக்கம் சாய்ந்தவன் என்பதையும், தம்பி இதில் பாதியைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

கட்டணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்து நாட்டின் கைபேசிச் சேவையைத் தொடங்கிவைத்த காலத்தில், நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம் இருந்தது. வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003 மே மாதத்தில் வருகிற அழைப்பு இலவசமானது. அதே ஆண்டு ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் சி.டி.எம்.ஏ. கைபேசியைக் கையில் கொடுத்தபோதுதான் செல்போன் என்பது பண்ணையார் வீட்டுப் பொருள் என்ற எண்ணமே மறைந்தது. விலையை உடைத்த பெருமை சி.டி.எம்.ஏ.வுக்கு உண்டு. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் ஜி.எஸ்.எம். நிறுவனங்களும் அந்த விலைக்கு இறங்கிவிட்டதால், அந்தச் சாதகம் நெடுநாள் நீடிக்கவில்லை.

பேச்சுத் தெளிவில் தம்பியின் செட்டே மேல். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தை அவன் லாரி ஷெட்டின் இரைச்சலுக்கு நடுவே நின்று சொன்னாலும் எண்கள் தெளிவாகக் காதில் விழும். என் செட்டை மேசையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால், மணி அடிப்பதற்கு ஓரிரு நொடி முன்பே ரேடியோ ‘டிட் டிட் டிட் டிர்ர்ர்’ என்று புலம்பத் தொடங்கும். செய்தி வாசிப்பவரின் குரல் அதில் அமிழ்ந்துபோகும். ஜி.எஸ்.எம். முறையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வோர் அலைவரிசையையும் எட்டுப் பேர், கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல, நொடிக்கு 217 முறை மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். கைபேசி தன் முறை வரும்போதெல்லாம் வெடிப்பாக அலையை அனுப்புவதால் எழுவதுதான் அந்த ஒலி. சி.டி.எம்.ஏ.வில் முறை கிடையாது, 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே வாய்க்காலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, ஒவ்வொருவர் பேச்சையும் அதற்குரிய சங்கேதத்தை வைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். ரேடியோ அமைதியாக இருக்கும். கணினியோடு கம்பி இணைத்து இணையம் பார்ப்பதிலும் அந்நாளைய சி.டி.எம்.ஏ. வேகமானது என்று பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நண்பர் சொல்வார். நான் அந்த வேலைக்குக் கைபேசியைப் பயன்படுத்தியதில்லை என்பதால் அவர் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு சிறப்புகள் இருந்தும் என் மனம் ஏன் மற்றொன்றில் நிற்கிறது என்றால், ஒரே ஒரு காரணம்தான்: எண் எங்கே குடியிருக்கிறது என்பது. என் எண் விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய ஓர் அட்டையில் இருந்தது. தம்பியின் எண் அவன் செட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. வாங்கும் நாளில் இதை யாரும் ஒரு வேறுபாடாகவே எடுத்துச் சொல்லவில்லை. கடைக்காரர்கூட, ‘சிம் தனியா வாங்க வேண்டாம் அண்ணாச்சி, அதுக்குள்ளேயே இருக்கு’ என்று அதை ஒரு வசதியாகத்தான் சொன்னார்.

இரண்டாம் ஆண்டு மழையில் இரண்டு செட்டுகளும் ஒரே பைக்குள் நனைந்தன. என் செட்டைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, அட்டையை எடுத்துப் பக்கத்துக் கடைக்காரரின் பழைய செட்டில் போட்டேன். பத்தாவது நிமிடம் அதே எண்ணில் வியாபாரி கூப்பிட்டார். அட்டையிலேயே சேமித்து வைத்திருந்த பெயர்களும் கூடவே வந்துவிட்டன. தம்பியின் செட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ரிப்பேர்க் கடைக்கு எடுத்துச் சென்றோம். அந்தப் பையன் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘அண்ணாச்சி, போர்டு போச்சு. இதுல சிம்மே கிடையாதே, உங்க நம்பரை நான் எதுல எடுத்து மாத்துவேன்?’ என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். நிறுவனத்தின் சேவை மையம் திருநெல்வேலியில் இருந்தது. பதினெட்டு நாள் கழித்து வேறொரு செட்டில் அதே எண்ணை ஏற்றிக் கொடுத்தார்கள். அறுவடைக் காலத்தில் பதினெட்டு நாள் எண் இல்லாமல் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நட்டம் என்பதைக் கமிஷன் கடைக்காரர் எவரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெயர்ப்பட்டியல் திரும்பி வரவே இல்லை.

பராமரிப்பிலும் இதே கதைதான். நோக்கியா 1100-இன் பி.எல்.-5சி பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைத்தது. இன்றைக்கும் தெருவில் விற்கும் சிறு எஃப்.எம். ரேடியோக்களில் அதே அளவுப் பேட்டரிதான் போடுகிறார்கள். சார்ஜரை மறந்துவிட்டுப் போனால் டீக்கடையில் ஒரு நோக்கியா பின் தொங்கிக்கொண்டிருக்கும். தம்பியின் செட்டுக்கு அதற்கே உரிய பின், அதற்கே உரிய பேட்டரி; இரண்டுக்கும் நிறுவனத்தின் கடைக்குத்தான் போக வேண்டும்.

மறுவிற்பனை இன்னும் தெளிவான கணக்கு. 2007-இல் நான் கூடுதலாக வாங்கிய ஒரு ஜி.எஸ்.எம். செட்டை இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின் 900 ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவர் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்த்துவிட்டு அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்தார். தம்பியின் செட்டை இலவசமாகக் கொடுக்க முன்வந்தபோதுகூட, ‘நம்ம சிம் போட முடியுமா?’ என்ற முதல் கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிட்டது. பிற்காலத்தில் அட்டை போடும் சி.டி.எம்.ஏ. செட்டுகளும் வந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு அவை வரவில்லை. எனவே அவற்றின் மறுவிற்பனையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இந்த வேறுபாடு தற்செயலானது அல்ல. 1987-இல் 13 ஐரோப்பிய நாடுகள் கையொப்பமிட்டு உருவாக்கிய ஜி.எஸ்.எம்., எல்லை தாண்டினாலும் அதே எண்ணில் பேச வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. எனவே எண்ணையும் கருவியையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்தார்கள். சி.டி.எம்.ஏ. வளர்ந்தது, நிறுவனமே கைபேசியையும் விற்கும் அமெரிக்க வழக்கத்தில். நம் நாட்டு உரிம முறை அந்தப் பிரிவை மேலும் இறுக்கியது. முதலில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு மட்டும் கைபேசி உரிமம் கொடுத்த அரசு, ஜி.எஸ்.எம். முறையையே கட்டாயமாக்கியிருந்தது. சி.டி.எம்.ஏ.வோ கொல்லைப்புற வழியாக நுழைந்தது: வீட்டுத் தொலைபேசிக்கு உரிமம் பெற்றவர்கள், 2001-இல் கம்பியில்லா இணைப்பை ‘வரையறுக்கப்பட்ட நடமாட்டம்’ என்ற பெயரில், ஏறக்குறைய ஒரு தாலுகா அளவுள்ள எல்லைக்குள் கொடுக்க அனுமதிக்கப்பட்டார்கள். பெருந்தொகை கொடுத்து உரிமம் வாங்கியிருந்த ஜி.எஸ்.எம். நிறுவனங்கள் வழக்குக்குப் போனது நியாயமே. 2003 நவம்பரில் வீட்டுத் தொலைபேசிக்கும் கைபேசிக்கும் சேர்த்து ஒருங்கிணைந்த உரிமம் வந்த பிறகுதான் அந்த வேலி நீங்கியது. தம்பி 2004-இல் அந்தச் செட்டோடு கோவில்பட்டியைத் தாண்டிச் சாத்தூருக்கும் விருதுநகருக்கும் போக முடிந்தது அதனால்தான்.

அலைக்கற்றை ஒதுக்கீட்டிலும் இரு தரப்புக்கும் ஓயாத சண்டை. ஜி.எஸ்.எம். நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் பேச்சு போகவும் வரவும் தனித்தனியே 4.4 மெகாஹெர்ட்ஸ்; சி.டி.எம்.ஏ.வுக்கு 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 2.5. குறைந்த இடத்தில் அதிகப் பேரை ஏற்ற முடியும் என்பதால் அது போதும் என்றார்கள். தொழில்நுட்பக் கணக்கில் அது தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சந்தை வேறு கணக்குப் போட்டது. 2007 அக்டோபரில் ஒரே நிறுவனம் இரு முறைகளையும் நடத்தலாம் என்று அரசு அனுமதித்ததும், சி.டி.எம்.ஏ.வைத் தூக்கிப் பிடித்த பெரிய நிறுவனங்களே ஜி.எஸ்.எம். தொடங்கின. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்ததும் ஜி.எஸ்.எம்.மில்தான். விற்பவரே மாற்றுக் கடை திறந்த பிறகு, பழைய கடையின் சரக்குக்கு என்ன மதிப்பு இருக்கும்?

அடுத்து வந்த 2ஜி அலைக்கற்றை விவகாரம் அனைவரும் அறிந்தது. 2001-ஆம் ஆண்டு விலையான 1,658 கோடி ரூபாய்க்கே 2008-இல் நாடு முழுவதற்குமான உரிமங்கள் கொடுக்கப்பட்டதும், 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததும், 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்ததும் தமிழ்நாட்டு அரசியலில் எவ்வளவு பேசப்பட்டன என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் ஒப்பீட்டுக்கு வேண்டியது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு செய்தி: ரத்தான அலைக்கற்றையை 2012 நவம்பரில் ஏலம் விட்டபோது, சி.டி.எம்.ஏ. பகுதிக்குக் கேட்பவரே இல்லை. சில ஆண்டுகளில் அதே 800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி சேவைக்குப் பயன்பட்டு, தூரம் பாயும் நல்ல அலை என்று போற்றப்பட்டது. சி.டி.எம்.ஏ.வின் சங்கேத முறையும் சாகவில்லை. 3ஜி அதன்மேல்தான் கட்டப்பட்டது, அதுவும் சிம் அட்டையோடு.

சென்னை போன்ற நெரிசல் மிக்க நகரத்தில் இரண்டையும் நான் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அங்கே சி.டி.எம்.ஏ. வைத்திருந்தவர்களுக்கு அழைப்பு அறுபடாத அனுபவம் இருந்திருக்கலாம். கரிசல் காட்டின் சமவெளியில் சிக்னலைப் பொறுத்தவரை எங்கள் இருவருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எட்டயபுரம் சாலையில் ஓர் இடத்தில் இருவருக்குமே கிடைக்காது.

2011 ஜனவரியில் எண் மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடெங்கும் வந்தபோது, தம்பி ‘போர்ட்’ என்று எழுதி 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினான். அந்த எண் முதன்முறையாக ஓர் அட்டைக்குள் வந்தது. செட்டைத்தான் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. பழைய செட் இன்னும் கல்லாப்பெட்டிக்கு அடியில், பேட்டரி உப்பி, பின்மூடி பொருந்தாமல் கிடக்கிறது. சென்ற மாதம் என் 1100-க்கு ஒரு புது பி.எல்.-5சி வாங்கிப் போட்டு, இன்றைய நானோ சிம்மை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்திச் செருகினேன். தம்பியைக் கூப்பிட்டதும் மேசையில் இருந்த ரேடியோ முதலில் ‘டிட் டிட் டிர்ர்ர்’ என்றது. பிறகு அடுத்த அறையில் அவன் போன் அடித்தது.