பாங்காக்கில் ரூம் போடும் முன் சோயின் நீளத்தைப் பாருங்கள்

கல் வியாபார வேலையாகப் பல வருடமாக பாங்காக் போய்வருகிறேன். சில தடவை ஒரு வாரம், சில தடவை மாதக்கணக்கு. நடுவில் வருட ஒப்பந்தத்தில் வீடெடுத்தும் இருந்திருக்கிறேன். ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ஏரியாவில் ரூம் போடலாம்?" என்னைக் கேட்டால் ஏரியா அப்புறம். ரயில் நிலையப் படிக்கட்டிலிருந்து அறைக் கதவு எவ்வளவு தூரம் என்பதை முதலில் பாருங்கள்.

அந்த ஊரின் தெரு அமைப்பு அப்படி. பெரிய சாலைகள் கொஞ்சம்தான். அவற்றிலிருந்து உள்ளே பிரியும் கிளைத்தெருவை சோய் என்பார்கள். நிறைய சோய்கள் முட்டுச்சந்து. ஒன்றில் நுழைந்து அடுத்ததில் வெளியே வந்துவிடலாம் என்று நம்பிப் போனால், யாரோ ஒருவர் வீட்டு மதிலில்தான் போய் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் கார்கள் அத்தனையும் ஒரே வாய் வழியாகப் பெரிய சாலைக்கு வர வேண்டியிருப்பதால், மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த வாய் அடைத்துக்கொள்ளும். டாக்ஸியில் உட்கார்ந்திருப்பவரை நடந்து போகிறவர் முந்திவிடுவார்.

சுகும்வித் சாலையில் ஒற்றைப்படை எண் சோய்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஆனால் இரண்டு பக்க எண்களும் சேர்ந்து நகராது. 55ஆம் சோய்க்கு, அதாவது தொங் லோவுக்கு, எதிரே இருப்பது 38. எண்ணை மட்டும் பார்த்து "பக்கத்தில்தான்" என்று முடிவு செய்யக் கூடாது. தொங் லோ சோய் மட்டுமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் உள்கோடியில் இருக்கும் கட்டடமும் விளம்பரத்தில் "தொங் லோ ஸ்டேஷன் அருகில்" என்றுதான் வரும். "ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்தால், அது மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடமா, நடந்தா என்று கேட்டுவிடுங்கள். உள்ளே தள்ளி இருக்கும் பல ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் நிலையம் வரை இலவச டுக்டுக் விடுகின்றன. நல்ல வசதிதான். இரவு எத்தனை மணிக்கு அதை நிறுத்துவார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

சோய் முனையில் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நிறுத்தத்துக்கு வின் என்று பெயர். எங்கே போக எவ்வளவு என்று தாய்லாந்து மொழியில் பலகை தொங்கும், பேரம் வேண்டாம். சோய்க்குள்ளேயே போய்வர இதைவிட வேகமானது கிடையாது. ஆனால் ஹெல்மெட் கொடுத்தால் அதிர்ஷ்டம். பெரிய சாலையில் தூரமாகப் போக நான் இதில் ஏறுவதில்லை.

பறக்கும் ரயிலான பிடிஎஸ் 1999 டிசம்பரிலும், சுரங்க ரயிலான எம்ஆர்டி 2004இலும் ஓடத் தொடங்கின. இரண்டும் வெவ்வேறு நிர்வாகம். அதன் தொல்லை பயணிக்குத்தான். அசோக்கில் பிடிஎஸ்ஸிலிருந்து இறங்கிக் கீழே சுகும்வித் எம்ஆர்டிக்கு மாறினால் இன்னொரு டிக்கெட், மறுபடி ஆரம்பக் கட்டணம். பிடிஎஸ்ஸுக்கு ராபிட் அட்டை வாங்கலாம், பாஸ்போர்ட் கேட்பார்கள். அந்த அட்டை எம்ஆர்டி நீல வழித்தடத்தில் செல்லாது. அங்கே விசா, மாஸ்டர்கார்டை நேரே வாயிலில் தட்டினால் திறந்துவிடும். அதனால் தினமும் போக வேண்டிய இடம் எந்த ரயிலில் இருக்கிறதோ, அதே ரயிலில் அறை எடுப்பது நல்லது. ரயில் மாறாமல் போவதில் மிச்சமாகும் காசைவிட, நெரிசல் நேரத்தில் மிச்சமாகும் பொறுமை பெரிது.

வாடகை குறைவு என்று ஆன் நட் பக்கம் போகச் சொல்லும் பழைய ஆலோசனை இன்னும் சுற்றுகிறது. பாதிதான் சரி. 2011 வரை பிடிஎஸ் அங்கேதான் முடிந்தது. ரயில் அங்கேயே புறப்பட்டதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். பாதை இப்போது சமுத் ப்ராகான் வரை நீண்டுவிட்டது. காலை எட்டு மணிக்கு ஆன் நட்டுக்கு வரும் பெட்டி ஏற்கெனவே நிரம்பித்தான் வரும். வாடகை இன்னும் குறைவுதான், நிலையத்தை ஒட்டியே பெரிய லோட்டஸ் கடையும் இருக்கிறது. நின்றுகொண்டே போகத் தயார் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

சோய்க்குள் தள்ளி வீடு கிடைத்தவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று சென் சேப் கால்வாய்ப் படகு. சுகும்வித்தின் ஒற்றைப்படை சோய்கள் பலவற்றின் மறுகோடி இந்தக் கால்வாய்ப் பக்கம்தான் போகிறது. தொங் லோவின் உள்கோடியில் படகுத்துறையே உண்டு. அங்கே ஏறி பிரதுநாமில் படகு மாறினால் பழைய நகரத்தின் பக்கம் போய் இறங்கிவிடலாம். மேலே சாலை உறைந்து நிற்கும்போது கீழே படகு சீறிக்கொண்டு போகும். தண்ணீர் கறுப்பு, வாடையும் உண்டு. ஓரத்தில் உட்கார்ந்தால் தெறிப்பைத் தடுக்கும் பிளாஸ்டிக் திரையைக் கயிற்றால் இழுத்துப் பிடிக்கும் வேலை உங்களுடையது. படகு நிற்கும் நேரம் ரொம்பக் குறைவு, வயதானவர்களைக் கூட்டிப் போக வேண்டாம். அவர்களுக்கு சபான் தக்சின் நிலையத்தை ஒட்டிய சாத்தோன் துறையிலிருந்து சாவ் பிரயா ஆற்றுப் படகு சரியாக இருக்கும்.

டாக்ஸி மீட்டர் 35 பாத்தில் தொடங்கும். மழை பெய்தால், அல்லது சுற்றுலாப் பயணிகள் கூடும் இடத்தில் நின்றால், மீட்டர் போட மாட்டேன் என்று கையை விரிப்பார்கள். வாதாடாமல் அடுத்த வண்டியைப் பாருங்கள், இல்லையென்றால் கிராப் அல்லது போல்ட் செயலியில் கூப்பிடுங்கள். சுவர்ணபூமி விமான நிலைய வரிசையில் எடுத்தால் மீட்டருக்கு மேல் 50 பாத், சுங்கமும் நம் கணக்கு. பெட்டி ஒன்றுதான் என்றால் விமான நிலைய ரயில் பயா தாய் பிடிஎஸ் நிலையம் வரை 45 பாத்தில், அரை மணிக்குள் கொண்டுவிடும். பிடிஎஸ் நிலையங்களில் எல்லா வாசலிலும் லிஃப்ட், எஸ்கலேட்டர் கிடையாது. எந்த வாசலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கினால் பெட்டியோடு படியில் மல்லுக்கட்ட வேண்டாம்.

மாத வாடகைக்குப் போகிறவர்கள் கரண்ட் பில்லைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அரசு விலை யூனிட்டுக்கு ஏறக்குறைய 4 பாத் என்றால், தனியார் அபார்ட்மென்ட்காரர்கள் பலர் 7, 8 என்று வாங்குகிறார்கள். அந்த வெக்கையில் ஏசி இல்லாமல் தூங்க முடியாது, வாடகையில் மிச்சம் பிடித்ததை பில் தின்றுவிடும். காண்டோ வீடுகளில் (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் இருக்கும் அடுக்குமாடி) பெரும்பாலும் மின்வாரிய பில்லே நேரடியாக வரும். இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை முதலிலேயே என்பது வழக்கம். காண்டோவை நாள் வாடகைக்கு எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஹோட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக விடுவது அங்கே சட்டப்படி செல்லாது. கீழே காவலாளி தடுத்தால் நமக்குப் பேச வாயில்லை.

செப்டம்பர், அக்டோபர் மழையில் சுகும்வித்தின் சில சோய்களில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். கூகுள் வரைபடம் இதைச் சொல்லாது. வீடு பார்க்கும்போது சோய் முனை வின்காரரிடம் கேட்டால் சொல்வார், அவர் தினமும் அந்தத் தண்ணீரில்தான் ஓட்டுகிறார்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது சுகும்வித் இல்லை, பிடிஎஸ்ஸின் சிலோம் லைனில் சுரசாக், செயின்ட் லூயிஸ் நிலையங்களின் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் நடக்கும் தூரத்தில். தாய்லாந்துக்காரர்கள் வாட் கேக் என்பார்கள், நம்மைவிட அவர்கள் கூட்டம்தான் அதிகம். கோயிலைச் சுற்றி இட்லி, தோசைக்குக் கஷ்டமில்லை. ஆற்றுப் படகுக்கு ரயிலில் போய்விடலாம், சயாம் நிலையத்துக் கடைகளுக்கும் மாறாமல் ஒரே ரயில். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும் இரவில் மட்டும் சிலோம் சாலையை அடைத்துவிடுவார்கள். அன்றைக்கு விமானம் இருந்தால் மத்தியானமே கிளம்பிவிடுங்கள்.