டப்ளினில் எனக்குப் பிடித்த பப்கள்

டப்ளினுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் சனிக்கிழமையே, சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் டெம்பிள் பார் என்ற பகுதிப் பக்கம் போய்விடுகிறார்கள். கூட்டத்தில் முண்டியடித்து உள்ளே நுழைந்து, மைக்கில் யாரோ பாட, பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாமல், இரவு ஏற ஏற பத்து யூரோவைத் தொடும் ஒரு பைன்ட்டை (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும் ஒரு கிளாஸ் பீர்) குடித்துவிட்டு, ஐரிஷ் பப் என்றால் இதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இது நிஜமாகவே வருத்தமான விஷயம். அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் நான் சொல்லப்போகும் கடைகளில் பாதி வந்துவிடும். அந்த ஊரில் இருந்த வருஷங்களில் எனக்கு நண்பர்கள் கிடைத்ததும், ஊரே பிடித்துப்போனதும் இந்தக் கடைகளில்தான்.

நான் ஒரு பப்பை எடைபோடும் விதம் ரொம்ப எளிது. இரண்டு பேர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? ஒரே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாராவது முறைக்கிறார்களா? இந்த இரண்டிலும் தேறினால் போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் கணக்கில் சவுத் வில்லியம் தெருவில் இருக்கும் க்ரோகன்ஸ்தான் எனக்கு முதலில் வரும். டிவி கிடையாது, பாட்டு கிடையாது. சுவர் முழுக்க ஓவியங்கள், எல்லாம் விற்பனைக்கு. சாப்பிட டோஸ்ட்டி கிடைக்கும், ரொட்டிக்குள் சீஸும் ஹாமும் வைத்துச் சுட்டது, கூடவே கடுகு சாஸ். ஹாம் வேண்டாம் என்றால் சீஸும் தக்காளியும் மட்டும் வைத்துக் கேளுங்கள். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், மழையும் தூறிக்கொண்டிருக்கும், வேலை முடிந்து நேராக அறைக்குப் போனால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மாதிரி நாட்களில் தனியாக இங்கே வந்து உட்காருவேன். மேஜைகள் சின்னவை, இடம் பற்றாது, அதனால் முன்பின் தெரியாதவர்கள் வந்து "இங்கே யாராவது இருக்கிறார்களா" என்று கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். மழையில் ஆரம்பிக்கும் பேச்சு அரை மணி நேரத்தில் வீட்டு வாடகை, அரசியல், அவருடைய அக்கா கனடாவுக்குப் போன கதை என்று எங்கேயோ போய் நிற்கும். அந்த ஊரில் தனியாள் என்ற நினைப்பு எனக்குப் போனது அந்த மேஜைகளில்தான்.

கிராஃப்டன் தெருவிலிருந்து பிரியும் சவுத் ஆன் தெருவில் கியோஸ். இதன் விசேஷம் ஸ்னக். மரத்தடுப்பு போட்டு மறைத்த ஒரு குட்டி அறை, கவுண்டர் பக்கம் ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியாகவே கிளாஸ் உள்ளே வரும். பெண்கள் பப்பில் உட்காருவதை ஊர் தப்பாகப் பார்த்த காலத்தில், வெளியே தெரியாமல் உட்கார்ந்து குடிக்க இந்த மாதிரி அறைகள் பயன்பட்டன. பாதிரியார்களும் போலீஸ்காரர்களும்கூட இதற்குள்தான் ஒதுங்குவார்களாம். இப்போது அதில் இடம் பிடிப்பதற்கே போட்டி, மதியம் போனால் வாய்ப்பு உண்டு. மாடியில் பழைய உரிமையாளர் குடியிருந்த அறைகளை அப்படியே பப்பாக வைத்திருக்கிறார்கள், யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே தோன்றும். மிக நெருங்கிய நண்பர் யாராவது ஊருக்கு வந்தால் நான் இங்கேதான் கூட்டிப்போவேன்.

அழகு பார்க்க வேண்டுமென்றால் லாங் ஹால், ஸ்டாக்ஸ் ஹெட். இரண்டும் விக்டோரியா காலத்து மரவேலையும் கண்ணாடியுமாக ஜொலிக்கும். இரண்டையும் மதியம் மூன்று மணி வாக்கில் பாருங்கள், சாயங்காலம் உள்ளே நிற்க இடமிருக்காது. 1198 முதல் இருப்பதாகச் சொல்லும் பிரேசன் ஹெட் ஒரு தடவை பார்க்கலாம், ஆனால் இப்போது நிற்கும் கட்டிடம் 1754ஐச் சேர்ந்தது, கூட்டமும் பெரும்பாலும் சுற்றுலாக் கூட்டம்தான். தி டப்ளினர்ஸ் என்ற ஐரிஷ் நாட்டுப்புற இசைக்குழு 1962 வாக்கில் உருவான இடம் மெரியன் ரோவில் இருக்கும் ஓ'டனஹூஸ், ஐரிஷ் இசை பிடித்தவர்கள் அதற்காகவே போவார்கள்.

கின்னஸ், அதாவது டப்ளினின் கறுப்பு பீர், குடிக்கப் போகிறீர்கள் என்றால் டாரா ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பூல்பெக் தெருவில் இருக்கும் மல்லிகன்ஸ். வெளியே பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் பார்மேன் ஊற்றுவதைப் பாருங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் வரை நிரப்பி, அப்படியே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வாயுக் குமிழ்கள் அடங்கி, பழுப்பு நிறம் கீழிருந்து கறுத்துக்கொண்டே வரும். அப்புறம்தான் மீதியை நிரப்பி நுரையை விளிம்புக்குக் கொண்டுவருவார். கம்பெனிக் கணக்குப்படி மொத்தம் 119.5 நொடி. கின்னஸில் கரியமில வாயுவோடு நைட்ரஜனும் கலந்திருப்பதால்தான் அந்த நுரை அவ்வளவு மெல்லியதாக, கெட்டியாக நிற்கிறது. தயவுசெய்து பாதியில் கிளாஸை எடுத்துவிடாதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம். ஒவ்வொரு வாய்க்கும் கிளாஸின் உள்பக்கம் ஒரு வெள்ளை வளையம் தங்கினால் அது நல்ல பைன்ட்.

கொஞ்சம் தள்ளி, வடக்கே கிளாஸ்னெவினில், கல்லறைத் தோட்டத்தின் சுவரை ஒட்டியே ஜான் கவனாஹ் என்று ஒரு பப், 1833இல் தொடங்கியது, ஊரார் அதை கிரேவ்டிகர்ஸ் என்றுதான் சொல்வார்கள். குழி வெட்டுபவர்கள் வேலை நடுவில் மண்வெட்டியால் சுவரைத் தட்டினால் உள்ளேயிருந்து பைன்ட் வரும் என்று ஒரு கதை உண்டு. இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. இங்கேயும் டிவி இல்லை, பாட்டும் ஆட்டமும் கூடாது. பழைய பகுதியில் தேய்ந்துபோன மரப்பலகைகள், மங்கலான வெளிச்சம், பேச்சுச் சத்தம், அவ்வளவுதான். சவ அடக்கம் முடிந்து கறுப்புக் கோட்டோடு வந்து உட்காரும் குடும்பங்களை அங்கே பார்த்திருக்கிறேன். முதலில் அமைதியாக இருப்பார்கள், பிறகு இறந்தவரைப் பற்றி ஒருவர் ஏதாவது சொல்வார், இன்னொருவர் சிரிப்பார், கொஞ்ச நேரத்தில் மேஜை முழுக்க அவரைப் பற்றிய கதைகளாக இருக்கும். துக்கத்தை இப்படியும் பகிர்ந்துகொள்ளலாம் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். சாப்பிட காடில் கேட்கலாம், உருளைக்கிழங்கு, வெங்காயம், சாசேஜ், பன்றி இறைச்சி எல்லாம் போட்டு வேகவைத்த டப்ளின் சாப்பாடு. போகிற வழியில் பக்கத்திலேயே இருக்கும் தாவரவியல் பூங்காவையும் பார்த்துவிடுங்கள், அனுமதி இலவசம்.

ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காபிள்ஸ்டோன் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பேச்சுக்குத்தான் பப் என்று இவ்வளவு நேரம் சொன்னேன், இது ஒன்றுதான் விதிவிலக்கு. மேடை இல்லை, முன்பக்கம் ஒரு மூலையில் ஃபிடில், புல்லாங்குழல், முழங்கைக்குக் கீழே துருத்தி வைத்து வாசிக்கும் இலன் பைப் என்று கருவிகளோடு நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். நமக்காக வாசிக்கவில்லை, தங்களுக்காக வாசிக்கிறார்கள், நாம் கேட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தமாகப் பேசாதீர்கள். 2021இல் இந்த இடத்தில் ஒன்பது மாடி ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது, ஊர்க்காரர்கள் சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள், மாநகராட்சி அந்த வருஷம் நவம்பரில் அனுமதி மறுத்தது. கொரோனாவால் டப்ளினில் சாப்பாடு போடாத பப்கள் 2020 மார்ச்சிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்தன, உள்ளே உட்கார அனுமதி வர 2021 ஜூலை கடைசி ஆகிவிட்டது. அவ்வளவு நாள் கழித்துத் திறந்த கடையையும் இழந்துவிடக் கூடாது என்ற கோபம் அந்த ஊர்வலத்தில் இருந்தது. அனுமதி மறுத்த செய்தி வந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குடிக்காதவர்களும் தயங்க வேண்டாம். ஆல்கஹால் இல்லாத கின்னஸ் நிறைய இடங்களில் கிடைக்கும், எலுமிச்சை சோடா கேட்டாலும் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கூட வந்தவர்களில் ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த முறை நீங்கள் எல்லோருக்கும் வாங்க வேண்டும், இது அங்கே ரொம்ப முக்கியம். கவுண்டரில் டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக இரவு 11 மணிக்கு ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்கள். ஊரில் ஒரே ஒரு நாள்தான் இருப்பீர்கள் என்றால் மதியம் கிளாஸ்னெவின், சாயங்காலம் ஸ்மித்ஃபீல்ட். இரண்டு நாள் இருந்தால் இரண்டாவது நாள் முழுக்க க்ரோகன்ஸ்.