தங்கப் படிகத்துக்குள் பார்க்க எலக்ட்ரானா, எக்ஸ்ரேயா?

சேலம் செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கம்பி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுக்க இழுக்க வெள்ளி விறைத்துப்போகும். நெருப்பில் காட்டினால்தான் இளகும். உள்ளே அணு வரிசைகள் இடறி நிற்கும் டிஸ்லொகேஷன்கள்தான் காரணம்.

அதே இடறலைச் சுமார் 300 நானோமீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தங்கப் படிகத்துக்குள் முப்பரிமாணத்தில் பார்ப்பதுதான் என் வேலை. கல்லூரி ஆய்வகத்து எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறலை அளக்கும் கருவி) எண்ணற்ற துகள்களின் சராசரியைத்தான் தரும், அதனால் உதவாது. மிச்சம் இரண்டு: மாதிரியை ஊடுருவிப் பார்க்கும் டி.ஈ.எம். எலக்ட்ரான் நுண்ணோக்கி அல்லது பிராக் ஓரியல் எக்ஸ்ரே படமாக்கம், அதாவது அலைகள் ஒத்திசைந்து வரும் எக்ஸ்ரே கற்றை படிகத்தில் பட்டுச் சிதறுவதைப் பதிவு செய்து, கணினியால் படமாக்கும் முறை. நான் எக்ஸ்ரே பக்கம் போனேன்.

துல்லியத்தில் டி.ஈ.எம். மேல்தான்; அணு வரிசையே தெரியும். எக்ஸ்ரே முறை 10 நானோமீட்டர் வாக்கில் நின்றுவிடும். அதற்கு ஹாம்பர்க்கின் பெட்ரா 3 போன்ற சிங்க்ரோட்ரானும் (மிகச் செறிவான எக்ஸ்ரே தரும் பெரிய துகள் முடுக்கி) வேண்டும். விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

என்னைத் திருப்பியது ஒரே விஷயம்: அறுப்பது. எலக்ட்ரான் ஊடுருவ மாதிரி 100 நானோமீட்டருக்கும் மெலிந்திருக்க வேண்டும். தங்கம் கனமான தனிமம் என்பதால் இன்னும் மெலிதாக. அதற்குக் கேலியம் அயனிக் கற்றையால் செதுக்குவார்கள். 2017-இல் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்ற ஆய்வாளரின் குழு தங்கப் படிகங்களை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, செதுக்குவதுகூட வேண்டாம், அந்தக் கற்றையால் படமெடுக்கும் சிறு அளவே அணுக்களின் ஒழுங்கான அடுக்கைக் குலைப்பது தெரிந்தது. பிறகு டி.ஈ.எம்.மில் ஒரு குறை தென்பட்டால், அது படிகத்தோடு பிறந்ததா, செதுக்கும்போது வந்ததா என்று எப்படிச் சொல்வேன்?

எக்ஸ்ரேயில் படிகத்தைத் தொடவே வேண்டாம். சிலிக்கான் தகட்டில் தங்கப் படலத்தைச் சூடாக்கித் திரளவிட்டு, அப்படியே கற்றையில் வைத்து, டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவில் திருப்பித் திருப்பிப் பதிவு செய்கிறோம். திரையில் பளிச்சென்று ஒரு புள்ளி. படிக முகங்களுக்குச் செங்குத்தாக நீளும் ஒளிவால்கள். வால் நெடுக வரிவரியாக ஏற்ற இறக்கம். படிகம் பெரிதாக இருந்தால் வரிகள் நெருங்கும். டிடெக்டர் தவறவிடும் கட்டத்தை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) கணினி திரும்பத் திரும்பக் கணக்கிட்டு மீட்கிறது. தங்கத்தில் (111) எனப்படும் அணுத் தளங்களின் இடைவெளி 0.2355 நானோமீட்டர், அணு அந்தத் திசையில் அவ்வளவு நகர்ந்தால் கட்டம் ஒரு முழுச் சுற்று சுற்றும். அதனால் அதில் சிறு பங்கு நகர்வுகூடப் பிடிபடுகிறது. டிஸ்லொகேஷனைச் சுற்றிக் கட்டம் சுழல்கிறது, நடுவே துளைபோல் ஒரு வெறுமை. முதல்முறை அதைத் திரையில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொல்லையும் உண்டு. ஒரு படிகம் கற்றை பட்டதும் தகட்டின் மேல் லேசாகத் திரும்பிவிட்டது. அன்றைய பதிவு முழுக்க வீண்.

நான் பார்த்தது தங்கம் மட்டும். உலோகக் கலவைகளுக்கு என் அனுபவம் போதாது. துகள் 20 நானோமீட்டர்தான் என்றால் யோசிக்காமல் டி.ஈ.எம்.முக்கே போங்கள். அதை அறுக்கவும் வேண்டாம், எக்ஸ்ரேயில் அவ்வளவு சிறியதிலிருந்து வரும் சிதறலும் மிகக் குறைவு.