கிரேக்கப் பானை ஓவியம்: தாளா, காகிதக்கூழா, மண்தொட்டியா?

பண்டைய கிரேக்கப் பானைகளை வகுப்பில் கைவேலையாகச் சொல்லித்தர மூன்று வழிகள் உண்டு: கிரேயான் தேய்த்த தாளில் சுரண்டுவது, பலூன்மேல் காகிதக்கூழ் ஒட்டுவது, கடையில் வாங்கிய மண்தொட்டியில் தீட்டுவது. எது அழகாக வரும் என்பதை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஏதென்ஸ் கலைஞரின் வேலையில் எந்தப் பகுதி பிள்ளைகளின் கைக்கு வருகிறது என்பதே எனக்கு முக்கியம்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் சுரண்டலுக்குத்தான். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கொரிந்தில் வளர்ந்து, பிறகு ஏதென்ஸில் உச்சம் தொட்ட கருஉருவ முறையில், உருவத்தைக் கறுப்பு நிழலாகத் தீட்டி, கண், தசை, ஆடை மடிப்பு எல்லாவற்றையும் கூர்முனையால் கீறினார்கள். வகுப்பில், ஆரஞ்சு சார்ட் தாளில் ஆரஞ்சு கிரேயானை அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். கறுப்பு போஸ்டர் கலரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்தால் மெழுகின்மேல் ஒட்டும். உருவத்தை மட்டும் தீட்டி, காய்ந்ததும் பல்குச்சியால் கீற வேண்டும். உருவத்தை மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பானை முழுவதையும் கறுப்பாக்கிவிட்டுக் கோடு சுரண்டினால் அது கருஉருவமும் ஆகாது, பின்னணி கறுத்து உருவம் மண்நிறமாக நிற்கும் செவ்வுருவமும் ஆகாது.

தொடங்கும் முன், ஏதென்ஸின் கருஉருவக் கலைஞர் எக்ஸீகியாஸின் ஜாடிப் படத்தைக் காட்டிவிடுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிராய் போர்க் கதையின் வீரர்களான அக்கிலீஸும் அஜாக்ஸும் குனிந்து பலகை விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருவர் வாயருகே "நான்கு", மற்றவர் வாயருகே "மூன்று" என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. மேலங்கிகளின் நுண்ணிய வேலைப்பாடு கீறலால் வந்தது. இதைப் பார்த்த பிள்ளைகள் தங்கள் வீரர்களையும் பேசவைப்பார்கள்.

மண்தொட்டிக்குச் செலவு அதிகம், வடிவமும் கிரேக்க வடிவமல்ல. ஆனால் செவ்வுருவத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கி.மு. 530-520 வாக்கில் ஏதென்ஸில் முறை தலைகீழானது: பின்னணி கறுப்பு, உருவம் மண்ணின் நிறம், உள்விவரங்கள் தூரிகைக் கோடுகள். தொட்டியில் தீட்டாமல் விட்ட மண்ணே உருவமாக நிற்கும்.

ஒரு குறை, கறுப்பைத் தனிச் சாயம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது இரும்புச் சத்துள்ள களிமண்ணை நுண்ணிதாகத் தெளியவைத்து எடுத்த குழம்பு. சூளையில் முதலில் காற்று விட்டார்கள். பிறகு காற்றை அடைத்துப் புகையவிட்டதும் பானை முழுவதும் கறுத்தது. மறுபடி காற்று விட்டபோது பானை உடம்பு சிவந்தது, உருகி இறுகிய குழம்புப் பூச்சு மட்டும் கறுப்பாகவே நின்றது. வகுப்பில் இதைச் செய்துகாட்ட முடியாது, சொல்லியாவது ஆக வேண்டும்.

காகிதக்கூழ் எனக்குக் கடைசிதான். காயவே நாள்கணக்கில் ஆகும், சொரசொரப்பில் நுண்கோடு வராது. ஹைட்ரியா என்ற தண்ணீர்க் குடத்துக்கு ஏன் மூன்று கைப்பிடி (தூக்க இரண்டு, ஊற்ற ஒன்று) என்பதுபோல வடிவங்கள்தான் பாடம் என்றால் மட்டும் இதை எடுக்கலாம்.

கூடுதலாக ஒரு பீரியட் கிடைத்தால், தாளிலேயே இரண்டு முறைகளையும் செய்யலாம். மியூனிக்கில் உள்ள ஒரு ஜாடியில் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸ் விருந்தில் சாய்ந்திருக்கும் காட்சி ஒரு பக்கம் கருஉருவத்திலும் மறுபக்கம் செவ்வுருவத்திலும் இருக்கிறது. அதேபோல ஒரே படத்தை இரண்டு தாள்களில் கொடுங்கள்: ஒன்றுக்குப் பல்குச்சி, இன்னொன்றுக்கு மெல்லிய தூரிகை.