நுவரெலியாவா, விக்டோரியாவா: மலையகத்தில் கோல்ப் ஆட எங்கே போகலாம்?

மலையகத்தில் கோல்ப் ஆட நினைப்பவருக்கு முதலில் மனதில் வருபவை இரண்டு இடங்கள். ஒன்று 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ப் கழகம். மற்றது திகனப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், பிரித்தானியரான டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1990களின் இறுதியில் உருவான மைதானம். இரண்டிலும் 18 குழிகள். ஹட்டனில் இருக்கும் நான் இரண்டிலும் ஆடிப் பார்த்துவிட்டு நுவரெலியாவோடு நின்றுவிட்டேன். எனக்கு அது கிட்ட என்பதும் உண்மைதான், ஆனால் கண்டிக்காரருக்கு அந்தக் கணக்கு மாறிவிடும் என்பதால் தூரத்தை விட்டுவிடுகிறேன்.

காட்சி என்று பார்த்தால் விக்டோரியாதான். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, இன்னொரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். பார், அதாவது ஒரு சுற்றை முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு வகுத்த அடிக் கணக்கு, 73. பந்தை நீளமாக அடிப்பவர்களுக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு. நுவரெலியாவில் ஃபெயார்வே என்னும், புல் வெட்டிய ஆட்டப் பாதை ஒடுக்கம், இரு பக்கமும் மரங்கள், நடுவே ஓடைகள். பந்து தொலைவது அங்கே சாதாரணம்.

சரி, பிறகு ஏன் நுவரெலியா? நடப்பதற்காக.

ஒரு சுற்று ஆட நாலு மணித்தியாலம் ஆகும். தொண்ணூறு ஷாட் அடிக்கும் ஒருவர் மட்டையை வீசும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் சில நிமிடங்களைத் தாண்டாது. மிச்ச நேரமெல்லாம் நடையும் வேடிக்கையுந்தான். நால்வராக ஆடினால் நாலில் மூன்று ஷாட் அடுத்தவருடையவை. ஆகவே, கோல்ப் ஆடப் போகிறவர் பெரும்பாலும் கோல்ப் பார்க்கத்தான் போகிறார். அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பதை வைத்தே நான் மைதானத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்.

விக்டோரியாவில் ஏற்ற இறக்கமும் வெயிலும் அதிகம். நீர்த்தேக்கம் நிரம்பும் மட்டமே கடல் மட்டத்திலிருந்து 438 மீட்டர்தான், சூடு தெரியும். அதனால் நாங்கள் போனபோதெல்லாம் மைதானத்துக்குள் ஓடும் பக்கி வண்டிதான். வண்டியில் ஏறினால் என் பந்துக்கு நேரே போய் இறங்குகிறேன். நண்பர் மரத்தடியிலிருந்து எப்படித் தப்பினார் என்பதைப் பார்ப்பதே இல்லை. மோசமாக அடித்த ஷாட்டை மறக்கவும் நேரம் கிடைப்பதில்லை. அந்த எரிச்சலோடேயே அடுத்ததையும் அடிக்க வேண்டியிருக்கிறது.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், குளிரில் இருக்கிறது. கெடி என்னும் உதவியாளர் பையைத் தூக்கிக்கொள்வார், நாலு பேரும் சேர்ந்து நடக்கலாம். கெடியின் அருமை குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையான கிறீனில்தான் தெரியும். பிதுருதலாகலை மலை பக்கத்தில் நிமிர்ந்து நிற்பதால் சரிவை அளப்பதில் கண் ஏமாந்துவிடும். "சேர், ஏத்தம் மாதிரித் தெரியும், ஆனா இறக்கந்தான், மெதுவாத் தட்டுங்க" என்பார்கள். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். கெடி குனிந்து புல்லைப் பார்ப்பதையும், நண்பர் அதை நம்பாமல் பலமாகத் தட்டிவிட்டுத் தலையில் கை வைப்பதையும் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு என் பட், அதாவது குழியை நோக்கித் தட்டும் அடி, குழியில் விழுவதற்குச் சமமான சந்தோஷம்.

தொலைக்காட்சியில் இதெல்லாம் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ப் போட்டியின் 2025 கடைசி நாள் ஆட்டம் இங்கே திங்கட்கிழமை விடியற்காலையில்தான் முடிந்தது. கடைசிக் குழியில் ரோரி மெக்கில்ராய் கிட்டத்தில் இருந்து பட்டைத் தவறவிட்டார், பிறகு சமநிலையில் இருந்த ஜஸ்டின் ரோஸோடு நடந்த பிளேஓஃப் என்னும் கூடுதல் ஆட்டத்தில் வென்றார். அந்த இரண்டுக்கும் இடையில் அவர் தன்னை எப்படித் தேற்றிக்கொண்டார் என்பதுதான் நான் பார்க்க விரும்பியது. அது எந்தக் கமராவிலும் சரியாகப் பிடிபடுவதில்லை.

நுவரெலியாவின் குறையையும் சொல்ல வேண்டும். மழை. தரை ஈரமானால் பந்து உருளாது, விழுந்த இடத்திலேயே புதையும். உயரத்தில் காற்று மெலிந்து பந்து கூடத் தூரம் பறக்க வேண்டும். ஆனால் குளிரும் ஈரத் தரையும் அந்த இலாபத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். பிற்பகலில் மூட்டம் இறங்கினால் குழியைக் காட்டும் கொடியே தெரியாது. தை, மாசியில் வானம் தெளிவு, ஆனால் சில விடியல்களில் புல்லில் உறைபனி இருக்கும். கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு தொடங்குவது நல்லது. சித்திரையில் ஊரே திருவிழா, நெரிசலைத் தாங்கக்கூடியவர்கள் போகலாம்.

விக்டோரியாவில் நான் மழைக்காலத்தில் ஆடியதில்லை. அந்த நாட்களில் அங்கே தரை எப்படி இருக்கும் என்பதை அடிக்கடி ஆடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், ஆடாத குடும்பத்தாரோடு ஒரு நாள் தங்க விரும்புபவர்களுக்கும் அந்த இடத்தையே சொல்வேன். புதிதாகப் பழகுகிறவர் என்றால் நுவரெலியாவுக்குப் போங்கள். பையில் பழைய பந்துகளாக வைத்துக்கொள்ளுங்கள், குடையும் மாற்றுச் சப்பாத்தும் கட்டாயம், காலையிலேயே கெடியைப் பேசிவிடுங்கள்.