ஹேஸ்மேட் (அபாயப் பொருள்) கட்டணம் கேட்காத பவுடர் கடையில் பணம் கட்டாதீர்கள்

இணையத்தில் தோட்டாவுக்கான புகையில்லா பவுடர் (வெடிமருந்து) வாங்கப் போய் 612 டாலரை இழந்துவிட்டேன். பொருளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. இங்கே டெக்சஸில் என்னோடு சுடப் போகிற நம்மவர்களிலேயே ஏழெட்டுப் பேர் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறார்கள். மற்ற மாநிலங்களிலும் இருப்பீர்கள். இன்னொருவர் இதே இடத்தில் ஏமாறக் கூடாது என்பதால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்து, சுத்தம் செய்து, புது பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), அளந்த பவுடர், புது ரவை (பாய்ந்து போகும் குண்டு) வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். செலவு குறையும் என்பதைவிட, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே அளவில் அமையும் என்பதற்காகத்தான் நீண்ட தூரம் குறி வைப்பவர்கள் இதைச் செய்கிறோம். ரவை ஒரு வகை கிடைக்காவிட்டால் இன்னொரு வகையை வைத்து ஒப்பேற்றலாம். பவுடரில் அவ்வளவு சுலபமாக முடியாது. நான் சுடுவது 6.5 கிரீட்மோர் என்ற வகைத் தோட்டா. மூன்று வருடமாக அதற்கு ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச்4350 பவுடர்தான் போடுகிறேன். வேறு பவுடருக்கு மாறினால், கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்தச் சோதனையிலேயே பாதி டப்பா தீர்ந்துவிடும்.

அந்த எச்4350 தான் கண்ணிலேயே படவில்லை. அது அமெரிக்காவில் தயாராவதில்லை, ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையிலிருந்து வருகிறது. அதே ஆலை அந்த நாட்டு ராணுவத்துக்கும் வேலை செய்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் பெரிதாக வெடித்ததிலிருந்து பீரங்கிக் குண்டுகளுக்கான தேவை எங்கோ போய்விட்டது. என் ஒரு தோட்டாவுக்கு மூன்று கிராமுக்கும் குறைவான பவுடர் போதும். ஒரு 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டைத் தொலைவுக்கு எறியக் கிலோக்கணக்கில் வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ்தான். அதைச் செய்யப் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு வேண்டும். அதற்கு ஐரோப்பிய ஆலைகள் பெரும்பாலும் சீனாவை நம்பியிருந்தன. 2024 ஜனவரியில் அலையன்ட் பவுடர் நிறுவனம், எங்களைப் போன்ற ரீலோடர்களுக்கு டப்பா அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாகவே அறிவித்துவிட்டது. அந்தப் பவுடரை நம்பியிருந்தவர்களும் ஹாட்ஜ்டனைத் தேடி வந்து நின்றார்கள்.

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே போய் நிற்பேன். பவுடர் அலமாரியில் விலைச்சீட்டு மட்டும் இருக்கும். எப்போதாவது வந்தால் ஆளுக்கு ஒரு பவுண்டு என்பார்கள், எனக்கு முன்னால் நிற்கும் நாலு பேரோடு தீர்ந்துவிடும். ஒரு பவுண்டில் 160, 170 தோட்டா நிரப்பலாம், அவ்வளவுதான். மே மாதம் எங்கள் கிளப்பில் போட்டி. பிப்ரவரி முடியும்போது என்னிடம் இருந்தது கால் டப்பா. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், ஏமாற்றுகிறவர்கள் இந்த நிலைமையை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பவுடர் எங்கும் இல்லையோ, அது மட்டும் அவர்கள் கடையில் எப்போதும் இருக்கும்.

மார்ச் முதல் வாரம், தேடும்போது ஒரு தளம் வந்தது. பெயர் குடும்பக் கடை போல இருந்தது. 8 பவுண்டு டப்பா 306 டாலர். மற்ற இடங்களில் கையிருப்பு இல்லாமலே நானூறை ஒட்டி விலை போட்டிருந்தார்கள். பாதி விலை என்று போட்டிருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். நூறு டாலர் குறைவு என்பதை நம்பத் தோன்றியது. வீட்டில் வைக்கத் தீத்தடுப்பு விதிப்படி 20 பவுண்டு வரை பரவாயில்லை, இரண்டு டப்பா 16 பவுண்டுதானே என்று கணக்குப் போட்டு ஆர்டர் செய்தேன்.

கடன் அட்டை எண்ணைப் போட்டதும் 'பணம் ஏற்கப்படவில்லை' என்று வந்தது. பத்து நிமிடத்தில் கைப்பேசிக்கு ஒரு செய்தி: துப்பாக்கி சம்பந்தப்பட்ட பொருள் என்பதால் அட்டை நிறுவனங்கள் தொல்லை கொடுக்கின்றன, ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) வழியாக அனுப்பிவிடுங்கள், டப்பாவை உங்களுக்காக எடுத்து வைக்கிறோம். சில அட்டை நிறுவனங்கள் அப்படி நடந்துகொள்வதாக நானும் கேள்விப்பட்டிருந்ததால் சரி என்று அனுப்பிவிட்டேன். என் வங்கி ஒருமுறைக்கு இரண்டுமுறை எச்சரிக்கை காட்டியது. அதையும் தாண்டிப் பொத்தானை அழுத்தியவன் நான்தான்.

நாலாம் நாள் 'கூரியர் நிறுவனம்' பெயரில் ஒரு மின்னஞ்சல். அபாயப் பொருள் என்பதால் தனிப் பெட்டிக்கும் காப்பீட்டுக்கும் 385 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், பார்சல் கையில் கிடைத்ததும் திருப்பித் தந்துவிடுவோம் என்று இருந்தது. அதையும் கட்டத் தயாராகிவிட்டேன். போன 612 வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். அன்று சாயங்காலம் கிளப்பில், நாற்பது வருடமாகத் தோட்டா நிரப்பும் ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆர்டர் போடும்போது ஹேஸ்மேட் கட்டணம் எவ்வளவு எடுத்தார்கள்?"

எதுவும் எடுக்கவில்லை. இலவச டெலிவரி என்று போட்டிருந்தது.

இதைத்தான் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பவுடரும் பிரைமரும் சட்டப்படி அபாயப் பொருள்கள். அவற்றை அனுப்பக் கூரியர் நிறுவனத்தோடு கடைக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். அந்தச் செலவை ஹேஸ்மேட் கட்டணம் என்று பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். நான் இதுவரை கட்டியதெல்லாம் இருபதிலிருந்து நாற்பது டாலருக்குள். எப்போதாவது சலுகை நாளில் உண்மையான கடைகள் அதைத் தள்ளுபடி செய்வதுண்டு, ஆனால் அப்போதும் பெரும்பாலும் பில்லில் அந்தக் கட்டணத்தைக் குறிப்பிட்டு, எதிரே கழித்துக் காட்டியிருப்பார்கள். அந்தக் கட்டணத்தைப் பற்றிய பேச்சே இல்லாத கடை ஒரு பவுடர் டப்பாவைக்கூட அனுப்பிப் பழகியதில்லை என்று சந்தேகப்பட வேண்டும். பார்சல் கிளம்பிய பிறகு கூரியர்காரர் உங்களிடம் நேரடியாக ஹேஸ்மேட் பணம் கேட்கவே மாட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தளத்தை மறுபடி நிதானமாகப் பார்த்தேன். அனுப்பும் முறை என்ற பக்கத்தில் அமெரிக்க அஞ்சல் துறை என்று எழுதியிருந்தது. வெடிமருந்தை அஞ்சலில் அனுப்பவே கூடாது. அது எனக்குத் தெரிந்த விஷயம், ஆனால் வாங்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. தளத்தின் பெயர் பதிவாகி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கொடுத்திருந்த முகவரியை வரைபடத்தில் போட்டால் ஒரு மெத்தைக் கடை வந்தது. டப்பாவின் படத்தை வைத்துத் தேடியதில், வேறொருவர் எப்போதோ ஏலத்துக்குப் போட்ட படம் அது என்று தெரிந்தது. லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஒட்டியிருந்த சீட்டில் இருந்த கிழிசல்கூட அப்படியே இருந்தது. கூரியர் நிறுவனத்தின் உண்மையான எண்ணுக்குக் கூப்பிட்டேன். அப்படி ஒரு பார்சல் எண்ணே இல்லை என்றார்கள்.

அட்டையில் போயிருந்தால், பில் வந்த 60 நாளுக்குள் எழுதிக் கொடுத்துத் தகராறு எழுப்ப வழி உண்டு. ஸெல்லில் நானே சம்மதித்து அனுப்பியதால், வங்கி ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டது. கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வரும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனாலும் பதியுங்கள், பத்துப் பேர் ஒரே கணக்கைச் சொன்னால்தான் அந்தக் கணக்கு யார் கண்ணிலாவது படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பணத்தைவிடப் பெரிய விஷயம். நான் ஏமாந்ததைக் கேள்விப்பட்ட ஒருவர், சுடும் இடத்தில் திறந்த டப்பா ஒன்றைக் காட்டி, உள்ளே இருப்பது எச்4350 தான், அறுபது டாலருக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நான் வாங்கவில்லை. சின்னச் சின்னக் குச்சி போல இருக்கும் பவுடர்கள் எத்தனையோ உண்டு, கண்ணால் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. வேகமாக எரியும் ஒன்று தவறான டப்பாவில் இருந்தால் துப்பாக்கி வெடித்து முகத்துக்கு வரும். எவ்வளவு தட்டுப்பாடு என்றாலும் சீல் உடையாத, லாட் எண் உள்ள டப்பா மட்டும்தான்.

மே மாதப் போட்டிக்கு நான் போகவில்லை. ஜூனில் கடையில் வரிசையில் நின்று ஒரு பவுண்டு கிடைத்தது.

போன வாரம் அந்தப் பழைய தளம் மூடிவிட்டது. இரண்டு நாள் கழித்து வேறு பெயரில் இன்னொன்று வந்திருக்கிறது. அதே கிழிந்த சீட்டு ஒட்டிய டப்பா படம், இப்போது விலை 299. அதையும் புகாரில் சேர்த்துவிட்டேன்.