லாங்ஆர்ம் குவில்டிங் மெஷின்: நின்று தைப்பதா, உட்கார்ந்து தைப்பதா, எந்த மேசையில்?

லாங்ஆர்ம் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வழக்கமாகத் தைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கினால், தரையிலிருந்து முழங்கை எத்தனை இன்ச் உயரத்தில் இருக்கிறது? எனக்கு 25. நான் மூன்று வருடம் குவில்ட் தைத்தது 30 இன்ச் உயரமுள்ள சாப்பாட்டு மேசையில், அதன்மேல் வைத்த மெஷினின் தட்டு இன்னும் 3 இன்ச் மேலே. தோள் இரண்டையும் தூக்கிப் பிடித்தபடியே மணிக்கணக்கில் தைத்ததில் கழுத்தைத் திருப்ப முடியாமல் பிசியோதெரபிக்கு நடந்தேன். அதனால் இந்த அலசலில் மெஷினுக்குக் கொடுக்கும் இடத்தை மேசைக்கும் கொடுக்கப் போகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்துணி, நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்டிங். வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே 6 முதல் 9 இன்ச் வரைதான் இடம், பெரிய படுக்கைக்கான 100 இன்ச் குவில்டின் பாதியைச் சுருட்டி அந்தப் பொந்துக்குள் திணிக்க வேண்டும். லாங்ஆர்மில் அந்த இடைவெளி பெரும்பாலும் 15 இன்ச்சில் தொடங்கி 26 வரை போகிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் துணியை நீளமான ஃப்ரேமில் உருளைகளுக்கு நடுவே விறைப்பாகக் கட்டிவிட்டு, சக்கரம் வைத்த மெஷினைக் கைப்பிடியால் பிடித்து ஓட்டுவீர்கள். இன்னொன்றில் மெஷின் மேசையில் அசையாமல் பதிந்திருக்கும், துணியை நீங்கள் நகர்த்துவீர்கள். கோலம் போடும்போது தரை அசையாது, கை ஓடும், ஃப்ரேம் அப்படி. மாவுக் கையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுத் தரையை இழுத்து இழுத்து வளைத்தால் எப்படியோ அது உட்கார்ந்து தைக்கும் மெஷின். விநோதமாகத் தோன்றினாலும், வீட்டு மெஷினில் ஃப்ரீ மோஷன், அதாவது துணியைக் கையாலேயே எல்லாப் பக்கமும் நகர்த்தித் தைப்பது, பழகியவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் சீக்கிரம் கைக்கு வரும்.

ஃப்ரேமின் பெரிய சுகம், பேஸ்டிங் கிடையாது. மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, மண்டி போட்டு, கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஊக்கு என்று குத்திக்கொண்டே போகும் வேலையே இல்லை, அடித்துணியை உருளையில் கட்டி, மற்றதை மேலே பரப்பித் தைத்துக்கொண்டே சுருட்டிவிடலாம். முட்டி வலி உள்ளவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம். கணினியை இணைத்தால் மெஷின் தானே டிசைனைத் தைக்கும்: காமில் நிறுவனத்தின் ஸ்டாட்லர், ஹேண்டி குவில்டர் நிறுவனத்தின் ப்ரோ-ஸ்டிச்சர் எல்லாம் அதற்குத்தான். ஆனால் இடம்? கிங் சைஸ் தைக்க 12 அடி ஃப்ரேம் வேண்டும். முன்னால் நின்று தைக்க இடம், பின்னால் போய் நிற்கவும் இடம், ஏனென்றால் காகிதத்தில் அச்சடித்த பேன்டோகிராஃப் டிசைனை லேசர் புள்ளியால் தொடர்வது மெஷினின் பின்பக்கத்திலிருந்துதான். எங்கள் ஹூஸ்டன் வீட்டில் எனக்கென்று இருக்கும் அறை 11க்கு 12 அடி. கதவைத் திறக்க வேண்டாமா?

இன்னொன்றும் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை. 18 இன்ச் மெஷினை ஃப்ரேமில் வைத்தால் 18 இன்ச் தைக்க முடியாது. சுருட்டிய குவில்ட் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது, உருளையும் மெஷினின் அசைவும் சேர்ந்து தொடக்கத்திலேயே 4, 5 இன்ச்சை எடுத்துக்கொள்ளும், சுருள் தடிக்கத் தடிக்க இன்னும் குறையும். அதே 18 இன்ச் மேசையில் இருந்தால் துணியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். ஃப்ரேமுக்கென்றால் 20க்குக் கீழே பார்க்காதீர்கள் என்பது என் கருத்து. ஹேண்டி குவில்டரில் 15 இன்ச் மாக்ஸி தொடக்கக்காரர்களுக்கானது, அமாரா 20, ஃபோர்ட்டே 24, இன்ஃபினிட்டி 26. அயோவாவிலுள்ள ஏபிக்யூஎஸ் நிறுவனத்தின் மில்லியும் 26. கணினியோடு சேர்த்து மேல்தட்டு மெஷின் வாங்கினால் ஒரு புதுக் காரின் விலை ஆகிவிடும், அடுத்தவர்களின் குவில்டைக் காசு வாங்கித் தைத்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிப்படும்.

உட்கார்ந்து தைக்கும் பக்கத்தில் நான் தைத்துப் பார்த்தவை நான்கு. ஹேண்டி குவில்டரின் 16 இன்ச் ஸ்வீட் சிக்ஸ்டீன், 18 இன்ச் காப்ரி, ஏபிக்யூஎஸ்ஸின் 20 இன்ச் ஜார்ஜ், பெர்னினாவின் க்யூ20. இதில் க்யூ20க்குத் தனிச் சிறப்பு உண்டு, இன்றைக்கு மேசையில் வைத்துத் தைத்துவிட்டு, நாளைக்குப் பெரிய வீட்டுக்குப் போனால் ஃப்ரேமுக்கு மாற்றிக்கொள்ளலாம். தையல் நீளத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஹேண்டி குவில்டரில் அதற்கு இன்சைட் என்ற சென்சார் மேசை உண்டு. எனக்கு ரெகுலேட்டர் பிடித்தது, ஆனால் அவசியம் என்று சொல்ல மாட்டேன், பெடலின் வேகத்தையும் கையின் வேகத்தையும் ஒன்றாக்கப் பழகியவர்களுக்கு அது இல்லாமலே ஓடும். ஃப்ரேமில் அப்படியில்லை, அங்கே மெஷினைத் தள்ளும் வேகம் நொடிக்கு நொடி மாறும், ரெகுலேட்டர் இல்லாத ஃப்ரேம் மெஷினைப் புதிதாக வருபவர் வாங்கக் கூடாது.

விலை கையைக் கடித்தால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஜூக்கி டிஎல்-2010க்யூ போன்ற நேர்த்தையல் மெஷின், நிமிடத்துக்கு 1500 தையல், எட்டரை இன்ச் இடம், அதை மேசைப் பலகையில் வெட்டிய பள்ளத்தில் இறக்கி வைப்பது. குழந்தைக் குவில்ட், சோபா குவில்ட் வரைக்கும் இது தாராளம். பெரியதை லாங்ஆர்ம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம். அவர்கள் சதுர இன்ச் கணக்கில் கூலி வாங்குவார்கள், 2 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 60க்கு 80 இன்ச் குவில்டுக்கு 96 டாலர். வருடத்துக்கு ஆறு என்றால் 600 டாலருக்குள்தான். 6000 டாலர் மெஷினின் விலையை அப்படி ஈடுகட்டப் பத்து வருடம் ஆகும், நூலும் சர்வீஸும் சேர்க்காமலே. தானே தைக்கும் ஆசையை இந்தக் கணக்கு அளக்காது என்பது எனக்கும் தெரியும்.

அப்புறம் மேசை.

ஃப்ரேமுக்கும் உயரம் உண்டு. பெரும்பாலானவற்றில் கால்களில் துளை, போல்ட், அவ்வளவுதான். 12 அடி ஃப்ரேமை ஒரு இன்ச் உயர்த்த இரண்டு பேர் வேண்டும், முடித்ததும் ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும், சற்றே சாய்ந்திருந்தாலும் கையை எடுத்தவுடன் மெஷின் தாழ்ந்த பக்கம் தானே உருண்டு போகும். ஒருவர் மட்டும் தைக்கும் வீட்டில் ஒரு முறை வைத்தால் முடிந்தது. என்னைப் போல 5 அடி 1 இன்ச் அம்மாவும் 5 அடி 8 இன்ச் மகளும் மாறி மாறித் தைப்பதென்றால் மோட்டார் வைத்த லிஃப்ட் தேவைப்படும், அது தனிச் செலவு.

உட்கார்ந்து தைப்பவருக்கான மேசையில் மூன்று வழிகள். கால்களில் துளையிட்டு உயரம் மாற்றுவது, கையால் சுற்றும் கிராங்க், மின் மோட்டார். விளம்பரத்தில் எல்லாரும் இந்த மேசை எவ்வளவு உயரம் போகும் என்று சொல்வார்கள். குள்ளமானவர்கள் பார்க்க வேண்டியது எவ்வளவு கீழே இறங்கும் என்பதை. இரண்டு அடுக்குக் காலுள்ள மின் மேசைகள் பெரும்பாலும் 28 இன்ச்சுக்குப் பக்கத்தில் நின்றுவிடும், மூன்று அடுக்குக் கால் என்றால் 24க்குப் பக்கம் வரை இறங்கும். ஐகியாவின் மின் பேகண்ட் 65 சென்டிமீட்டர் வரை, அதாவது இருபத்தைந்தரை இன்ச் வரை இறங்குகிறது, எனக்கு அது கிட்டத்தட்டச் சரியான அளவு. ஆனால் பலகைக்குக் கீழே மெஷினின் அடிப்பாகம் தொங்கும் என்பதை மறக்காதீர்கள், தொடை இடித்தால் இறங்கி என்ன பயன்?

மின் மேசை வாங்கித் தானே பள்ளம் வெட்டுபவர்கள் நிறைய. மலிவான பலகைகளின் உள்ளே அட்டைத் தேன்கூடுதான் இருக்கும், வெட்டினால் வலு போய்விடும். பலகையின் நடுவே ஓடும் இரும்புச் சட்டம் மெஷின் உட்கார வேண்டிய இடத்திலேயே இருக்கலாம். நான் முதலில் வாங்கிய மேசை ஒரு கடையின் சொந்தத் தயாரிப்பு, மெதுவாகத் தைக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, வேகம் கூடியதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. உயர்த்த உயர்த்த ஆட்டம் அதிகம். மூன்று வாரத்தில் திருப்பிக் கொடுத்தேன். மெஷின் நிறுவனமே தன் மெஷினின் எடைக்கென்று செய்து கொடுக்கும் லிஃப்ட் மேசைக்கு ஏன் அவ்வளவு விலை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

லிஃப்ட் மேசையை வாங்குவதற்கு முன் இதையும் யோசியுங்கள். பெரிய குவில்டின் எடை மேசையின் ஓரத்திலிருந்து தொங்கினால் அது ஊசியிடமிருந்து துணியை இழுத்துக்கொண்டே இருக்கும், தையல் கோணும், அந்த இழுவையைத் தாங்குவது உங்கள் தோள்தான். அதனால் இடப்பக்கமும் பின்பக்கமும் அதே மட்டத்தில் இன்னொரு மேசை வைத்துத் தாங்க வேண்டும். சரி, லிஃப்ட் மேசையை 4 இன்ச் ஏற்றினால் பக்கத்து மேசை ஏறுமா? லிஃப்டோடு சேர்ந்து ஏறும் மடிப்புப் பலகை உள்ளதாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உயரம் மாறும் வசதி பெரிய குவில்டுக்கு உதவாது. வீட்டில் ஒருவர் மட்டும் தைக்கிறார், எப்போதும் உட்கார்ந்தே தைக்கிறார் என்றால், கனமான மரமேசையின் காலை உங்கள் முழங்கை உயரத்துக்கு அறுத்து வைப்பது எந்த மோட்டாரையும் விட மேல். ஆடவே ஆடாது. நாற்காலியை உயர்த்திக்கொண்டால் போதாதா என்றும் கேட்பார்கள், போதும், ஆனால் பாதம் தரையில் படாது, பாதப்பலகை போட்டால் பெடலையும் அதன் மேலேயே வைக்க வேண்டும்.

நின்றும் தைக்கலாம் என்று லிஃப்ட் மேசையை விற்கிறார்கள். ஒரு காலால் பெடலை மிதித்துக்கொண்டு மறு காலில் முழு எடையையும் நிறுத்தி அரை மணி தைத்துப் பாருங்கள், இடுப்பு சொல்லும். பெடல் இல்லாமல் பட்டனில் ஓடும் மெஷினாக இருந்தால் மட்டும் அது உண்மையான வசதி.

நான் எடுத்தது 18 இன்ச் காப்ரியும் மோட்டார் லிஃப்ட் மேசையும். அறை சிறியது, மகளும் தைக்கிறாள், என் குவில்டுகள் பெரும்பாலும் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளிலிருந்து வருபவை. துவைத்துத் துவைத்து மெலிந்த அந்தப் பருத்தியை வாடகை ஃப்ரேமில் விறைப்பாகக் கட்டியபோது ஓரத்தில் இழை பிரிந்துவிட்டது. மேசையில் பசை ஸ்ப்ரேயால் அடுக்குகளை ஒட்டிவிட்டுக் கையால் நகர்த்தும்போது துணிக்கு அந்த இழுவை இல்லை. புதுத் துணியில் மாதம் இரண்டு கிங் சைஸ் தைப்பவராக இருந்தால், கேரேஜும் காலியாக இருந்தால், நான் சொன்னதை விட்டுவிட்டு ஃப்ரேமுக்கே போங்கள்.

வாங்குவதற்கு முன் ஃப்ரேமை மணி வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், அமெரிக்காவில் பல குவில்ட் கடைகள் ஒரு பயிற்சி வகுப்பு முடித்ததும் விடுகின்றன. இலையுதிர் காலத்தில் ஹூஸ்டன் ஜார்ஜ் ஆர். ப்ரவுன் அரங்கில் நடக்கும் சர்வதேசக் குவில்ட் விழாவுக்கு வர முடிந்தால் முக்கியமான மெஷின்களை ஒரே கூரையின் கீழ் ஓட்டிப் பார்க்கலாம். போகும்போது வீட்டில் தைக்கும்போது போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், உங்கள் துணியிலேயே ஒரு மாதிரி அடுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேசையை உங்கள் முழங்கை மட்டத்துக்கு வைக்கச் சொல்லி, அதன் ஓரத்தில் ஒரு டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்துவிட்டு, பெடலை முழுவதும் அழுத்திப் பத்து நிமிடம் தைத்துப் பாருங்கள்.